பாக்கி மூன்று படங்கள்

எண்பதுகளின் நடுவில், ஓமனைச் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்று யாரும் கிளம்பிவிட முடியாது. உள்ளே இருக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், விசா வர வேண்டும்; அதற்குள் தலை நரைத்துவிடும். ஆனால் நாங்கள் இருந்த அமீரகத்து அல் ஐனை ஒட்டியே ஓமனின் புரைமி இருந்தது. அதுவரைக்கும் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அங்கே ஒரு சாயா குடித்துவிட்டு, ஓமன் பார்த்தாச்சு என்று ஊருக்கு எழுதுவது எங்கள் ஆட்களின் வழக்கம்.

என் கணவர் பிறந்ததே அப்படி எழுதுவதற்குத்தான். ஊரில் விசைப்படகு மெக்கானிக், இங்கே ஜெனரேட்டர் டெக்னீஷியன். நான் நர்ஸ். பெருநாள் விடுமுறையில், அவரோடு வேலை பார்த்த யாழ்ப்பாணத்துத் தம்பியின் காரில் புறப்பட்டோம். எனக்குப் போக மனமே இல்லை. முந்தைய வாரம்தான் எங்கள் மகனை, மூன்று மாதக் குழந்தையை, லீவில் போன ஒரு நர்ஸின் கையில் கொடுத்து ஊரில் என் அம்மாவிடம் அனுப்பியிருந்தோம். இருவருக்கும் டியூட்டி, பார்த்துக்கொள்ள ஆளில்லை. எல்லாரும் செய்வதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மார்பில் கட்டிய பால் அதைக் கேட்கவில்லை.

அவன் படங்கள் எல்லாம் கேமராவுக்குள்ளேயே கிடந்தன. பிறந்த அன்று எடுத்தது, ஞானஸ்நானம், முதல் சிரிப்பு. கழுவக் கொடுங்கள் என்று நச்சரித்துப் பார்த்தேன். ரோலில் இன்னும் மூன்று படம் பாக்கி, அதை வீணாக்குவதா என்றார். கருவாட்டுத் தலையைக்கூடத் தூக்கியெறியாத வீட்டில் பிறந்தவர்.

புரைமியைத் தாண்டி மலை தெரிந்த இடத்தில் காரை நிறுத்தச் சொன்னார். சாலைக்குக் குறுக்கே ஒரு தடுப்பு, பக்கத்தில் கொட்டகை, மேலே ஓமன் கொடி. படத்தில் கொடி தெரிந்தால்தான் வேறு நாடு என்று ஊரார் நம்புவார்களாம்.

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. செக்போஸ்ட் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். பல செக்போஸ்டுகளைத் தாண்டித்தான் தன் நாட்டைவிட்டே வந்திருந்தான்.

“அண்ணை, இஞ்சை கமராவை வெளியிலை எடுக்காதேங்கோ,” என்றான்.

“மூணு படந்தான்டே. இண்ணைக்கு முடிஞ்சா நாளைக்கே பிள்ளையப் பாத்திரலாம்,” என்றார் கணவர்.

அந்த ஒரு சொல்லுக்காக, நானும் இறங்கி ஊரான் கார்மேல் சாய்ந்து நின்றேன்.

இரண்டாவது படத்துக்குள் சிப்பாய் வந்துவிட்டான். கத்தவில்லை, கை வைக்கவில்லை. கொட்டகைக்கு அழைத்துப்போய் எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்தான். பிறகு கேமராவின் முதுகைத் திறந்து, பிலிமை முழம் முழமாக உருவி வெயிலில் விட்டான். கணவர் தெரிந்த இந்தியில் மன்னிப்புக் கேட்டு, “மாஃப் கரோ பாய்” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அது என் பிள்ளை என்று சொல்ல அவருக்கு மொழி வரவில்லை, எனக்குக் குரல் வரவில்லை. அந்த நேரத்தில் ஒருவரைக் கொல்லலாம் என்று தோன்றியது. சிப்பாயை அல்ல, இவரை.

“கலாஸ்,” என்றான் சிப்பாய். முடிந்தது. அத்தோடு அவன் கோபமும் தீர்ந்துவிட்டது. வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக் கூடாதென்று உட்காரவைத்து, சின்னக் கோப்பைகளில் கஹ்வா காப்பியும், பேரீச்சம்பழமும் கொடுத்தான். இளவயதுக்காரன், முகத்தில் சூது இல்லை. சட்டைப்பையிலிருந்து தன் மகளின் படத்தை எடுத்து எனக்குக் காட்டினான். ஆஸ்பத்திரியில் கற்ற அரபி எனக்குக் கொஞ்சம் வரும். உனக்குப் பிள்ளை உண்டா என்றான். ஒரு பையன், இந்தியாவில் இருக்கிறான் என்றேன்.

படத்தைக் காட்டு என்று கையை நீட்டினான்.

பிலிம் அவன் காலடியில் சுருண்டு கிடந்தது. கணவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

“மாஃபி,” என்றேன். இல்லை.

அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். பெற்றவள் பிள்ளையின் படம் ஒன்றாவது கையில் வைத்திருக்க வேண்டாமா என்று என்னைக் கடிந்துகொண்டே, என் கோப்பையை மறுபடியும் நிரப்பினான்.