திருத்தணியில் மூன்றாவது பிடி

மெட்ராசில் குண்டு விழும் என்று சனமெல்லாம் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடின வருசம் அது. அப்படி ஓடி வந்த நான், மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு, கால் வலி ஆறத் திருத்தணி மாதாகோயில் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். தலையில் சந்தனம் காய்ந்து இழுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கிறது. பெண்கள் சின்னப் பைகளில் அரிசி கொண்டுவருகிறார்கள். தானம் போடத்தான் என்று நினைத்துத் துண்டை விரிக்கிறேன்.

ஒரு அம்மாள் சிரித்துவிடுகிறாள்.

"மொட்ட நைனா, இது கோயிலுக்கு! ஒல வெக்கிறப்பல்லாம் தலைக்கு ஒரு பிடி எட்த்து வெச்சி, வாராவாரம் கொணாருவோம்."

"மெட்ராஸ்லேர்ந்து ஓடியாந்தவம்மா, எனக்குத் தெரியாது. ஊட்ல எத்தினி பேரு?"

"ரெண்டு பேரு. பிடி மட்டும் மூணு." சிரிப்பு நின்றுவிடுகிறது. "எம்புள்ள தேவசகாயம், அவங்கப்பங்கிட்ட சண்ட போட்டுகினு மெட்ராஸ் ஆர்பர்ல வேலைக்குப் பூட்டான். நீங்க திரும்பிப் போனா பாத்து சொல்லுங்க. அப்பனுக்கு இப்போ கோவமில்ல, அவன் பிடியும் பையில விழுந்துகினுதான் இருக்குன்னு."

"ஆங், சொல்றேம்மா" என்கிறேன்.

திரும்பிப் போனேன். துறைமுக வாசல் வழியாக எத்தனையோ தடவை நடந்தேன். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்றே விட்டுவிட்டேன். தேவசகாயம் என்று யாராவது கண்ணில் பட்டால், அப்பாவுக்குக் கோபமில்லை என்று நீங்களாவது சொல்லிவிடுங்கள்.