பங்களாவிலிருந்து வந்த கடிகாரம்

மேகமலை தேயிலை எஸ்டேட் பங்களாவில் அம்மா கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தாள். நான் பிளஸ் டூ முடித்த வருடம் பங்களாவுக்கு வெள்ளையடித்தார்கள். அப்போது வேண்டாத சாமான்களோடு வெளியே கிடந்ததுதான் அந்தக் கடிகாரம். ஒரு முழ உயரம், நல்ல கனம். அடியிலிருந்து பித்தளைக் கொடிகள் பின்னி ஏற, உச்சியில் ஒரு தும்பி சிறகு விரித்து உட்கார்ந்திருக்கும். முகப்பில் இருந்த எழுத்துகளை நான்தான் கூட்டி வாசித்தேன்: பாரிஸ்.

"ஓடாது. வேணும்னா எடுத்துட்டுப் போ" என்றார் மேனேஜர். எங்களுக்கு அவர் தொரை.

அம்மா அதைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சின்னமனூர் வரை பஸ்ஸில் குலுங்கிக்கொண்டே போனாள். உள்ளே எதுவும் உடையவில்லை, அழுக்கும் துருவும்தான் என்றார் கடிகாரக் கடைக்காரர். இரண்டு வாரத்தில் ஓடியது. தொழிலாளர்களுக்கான லயத்து வரிசையில், எங்கள் வீட்டில் அது அடிப்பதைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு அதைக் கேட்டுத்தான் வேலைக்கே கிளம்பினார்கள்.

மறுவருடம் புதுத் தொரை வந்தார். பங்களாவின் பழைய போட்டோ ஒன்றில் கடிகாரத்தைப் பார்த்த விருந்தாளி, அது நூறு வருடப் பொருள் என்று அவரிடம் சொல்லிவிட்டாராம். ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது.

கூட வந்த சூப்பர்வைசர், "பங்களாச் சாமான எடுத்து வையி ஆத்தா. இல்லேன்னா திருட்டுக் கேசாயிரும்" என்றார்.

அம்மா நகரவில்லை. "பழைய தொரை குடுத்தாக. போன் போட்டுக் கேளுங்க."

"அவருக்கு அதோட மதிப்புத் தெரியாது" என்றார் புதுத் தொரை.

"ஓடாதப்ப குப்பைன்னு தூக்கிப் போட்டீக. ஓட வச்சது நான். இப்ப ஒங்களுதா?"

"இந்த வீடு எஸ்டேட்டோடது. ஞாபகம் இருக்கட்டும்."

"வீட்ட எடுத்துக்கங்க."

"குடுத்துரும்மா" என்று முணுமுணுத்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பானைகளைச் சாக்கில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்குள் லயத்துப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"யாரப்பா திருட்டுன்னது? பட்டப்பகல்ல தொரை கண்ணு முன்னாடி தூக்கிட்டு வந்தா. நாங்க அத்தன பேரும் பாத்தோம்" என்றாள் ஒருத்தி.

ஜீப் கடிகாரம் இல்லாமலே திரும்பிப் போனது.

கேஸ் எதுவும் வரவில்லை. வீட்டையும் பிடுங்கவில்லை. ஆனால் மறுவாரமே பங்களா வேலை போய், அம்மாவைக் கொழுந்து பறிக்கப் போட்டார்கள். ஏழு வருடம் அட்டைக்கடியோடு பறித்தாள். பங்களாவைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால், குறுக்குப் பாதை இருந்தும், முன்வாசல் வழியாகத்தான் நடப்பாள். தலையில் கூடையோடு, மெதுவாக.