வராதவனுக்கு வைத்த வினாத்தாள்

பரீட்சை எழுதுகிறவர்களுக்கு வருஷத்தில் இரண்டு முறைதான் வயிற்றைக் கலக்கும், தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கிற எங்களுக்கோ அது தினப்படி. காரைக்காலில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற கல்லூரி எங்களுடையது. பெயர் வேண்டாம், இருக்கிற தலைவலியே போதும். ஹால் டிக்கெட், அரியர், மறுமதிப்பீடு, பார்வையில்லாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க ஆள் பிடிப்பது, எல்லாம் என் தலையில். நீங்களும் ஒரு நாளாவது ஹாலில் காவல் நின்றிருந்தால் நான் சொல்வது புரியும். நின்றதில்லை என்றால் நம்புவது உங்கள் இஷ்டம்.

மேசையில் மணல்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாணவன் வந்தாலும் வராவிட்டாலும் அவன் மேசையில் வினாத்தாளையும் விடைத்தாளையும் வைத்துவிட வேண்டும். மணி அடித்து அரை மணி நேரம் அவை அங்கேயே காத்திருக்கும். அதற்குப் பிறகுதான் எடுத்துவிட்டு ஆப்சென்ட் போடுவோம். மாடி ஹாலில் ஜன்னலோரம் ஒரு மேசைக்கு ஒவ்வொரு செமஸ்டரும் இப்படி வைத்து வைத்து எடுக்கிறோம். சாதிக் என்ற பையனின் எண் அதில் ஒட்டியிருக்கும்.

எங்கள் ஊர்க் கடற்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி பூட்டிவிட்டுப் போனால் காலையில் எல்லா மேசையிலும் நைஸ் மணல் படிந்திருக்கும். பரீட்சையன்று காலையில் முதல் வேலையே துடைப்பதுதான். ஒரு முறை துடைக்கப் போன உதவியாளர் ராஜமாணிக்கம் அண்ணன் கையில் துணியோடு திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார். சாதிக்கின் மேசையிலும் மணல் இருந்தது. ஆனால் ஒரு முழங்கை ஊன்றிய இடமும், தாளை விரித்து வைக்கிற அளவுக்கு ஒரு சதுரமும் மட்டும் சுத்தமாக இருந்தன. பூனையாக இருக்கும் என்றேன். என் குரலே எனக்கு நம்பிக்கை தரவில்லை. அண்ணன் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பாதியில இருக்குங்க மேடம். எழுதி முடிக்கட்டும், அப்புறம் தொடைச்சிக்கிறேன்."

பழைய போட்டோ

சாதிக் யார் என்று சொல்லிவிடுகிறேன். புள்ளியியல் பேப்பர் ஒன்றை மட்டும் பாக்கி வைத்திருந்த பையன். நண்பர்களோடு அரசலாறு கடலில் கலக்கிற இடத்தில் குளிக்கப் போனான். மற்றவர்கள் கரையேறினார்கள், இவன் ஏறவில்லை. படகுகள் நாள்கணக்காகத் தேடியும் உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாததால் எங்கள் கணினியைப் பொறுத்தவரை அவன் அரியர் வைத்திருக்கும் மாணவன், அவ்வளவுதான்.

அவன் உம்மா ஜுலைஹா பீவி ஒவ்வொரு செமஸ்டரும் வந்து அவனுக்காக விண்ணப்பம் போடுவார். வாப்பா மஸ்கட்டில், வருஷத்துக்கு ஒரு முறை வருகிறவர். பரீட்சை முடிந்த பிறகும் உம்மா கவுன்ட்டருக்கு வருவார், "வந்தானா?" என்று கேட்பார், இல்லை என்று தலையாட்டினால் போய்விடுவார். இதைத் தடுக்க எனக்கு அதிகாரமும் இல்லை, மனசும் இல்லை. போன வருஷம் விண்ணப்பத்தோடு ஒரு போட்டோவையும் நீட்டினார். ஸ்டுடியோக்காரரிடம் சொல்லிப் பழைய படத்திலேயே தாடி வரைந்து, கன்னத்தைக் கொஞ்சம் ஒடுக்கி, வயதைக் கூட்டி எடுத்து வந்திருந்தார். படத்திலிருந்த ஆளை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அவன் என்னைத் தெரிந்தவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப தாடி வச்சிருப்பான் மேடம். பழைய படத்த வச்சிக்கிட்டு, நீ அவன் இல்லன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டீங்கன்னா எங்க போவான் புள்ள?"

பக்கத்து மேசைக்காரர்

விழிதியூரிலிருந்து வரும் கலைச்செல்வனுக்குப் பார்வை கிடையாது. அவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு ஸ்க்ரைப் போடுவோம். வழக்கமாகத் தனி அறை தருவோம். ஒரு பரீட்சையன்று மழையில் தனி அறை ஒழுகியதால் மாடி ஹாலிலேயே ஒரு ஓரத்தில், ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். பக்கத்து மேசை யாருடையது என்பதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஸ்க்ரைப் பெண் ஓடிப்போயிருப்பாள்.

பரீட்சை முடிந்ததும் கலைச்செல்வனைக் கைப்பிடித்து மாடிப்படி இறக்கிவிட்டேன். எல்லாம் வசதியாக இருந்ததா என்று கேட்டேன். எல்லாம் வசதிதான், ஒரே ஒரு குறை என்றார். நான் மின்விசிறிச் சத்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவரு முதல்லேர்ந்து பேப்பரத் திருப்பிக்கிட்டே இருந்தாருங்க, எழுதுற சத்தமே வரல. பாவம், அவருக்கும் ஒரு ஸ்க்ரைப் குடுங்க மேடம்."

இரண்டு பேனா

சாதிக்கின் தங்கை நஸ்ரின் எங்கள் கல்லூரியிலேயே அதே பாடம் படித்தாள். கெட்டிக்காரி. புதுச்சேரியில் ஒரு சிறப்புப் படிப்புக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், ஆண்டுக்குச் சில பேருக்கு மட்டும் கிடைக்கிற இடம். ஆனால் அண்ணன் விட்டுப்போன அதே புள்ளியியலில் அவளும் விழுந்துகொண்டே இருந்தாள். இந்த முறையும் தேறாவிட்டால் இடம் போய்விடும் என்று கடிதம் வந்துவிட்டது. பாடம் தெரியாமல் இல்லை, பாடம் எடுத்தவரே தலையில் அடித்துக்கொண்டார். அரியர்காரர்களை எண் வரிசைப்படி உட்கார வைத்தால் அண்ணனின் காலி மேசைக்கு நேர் பின்னால் அவள் வருகிறாள். மூன்று மணி நேரமும் முன்னால் இருக்கிற முதுகைப் பார்ப்பதுபோல் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டுப் போவாள்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. அவளைக் கூப்பிட்டு, விதியை வளைத்தாவது வேறு ஹாலில் இடம் போட்டுத் தருகிறேன் என்றேன். அவள் பைக்குள்ளிருந்து பேனா டப்பாவைத் திறந்து காட்டினாள். அதில் ஒரே மாதிரி இரண்டு பேனா. அண்ணனை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா எப்பவும் பேனா எடுக்காமத்தான் வரும் மேடம். நான் பின்னால இல்லன்னா யாருக்கிட்ட கேக்கும்?"

கடைசி வாய்ப்பு

எந்த மாணவனுக்கும் அரியர் எழுத ஒரு கெடு உண்டு. சாதிக்குக்கு அது இந்த செமஸ்டரோடு முடிந்தது. இதற்குமேல் உம்மா விண்ணப்பித்தாலும் கணினி ஏற்காது. அன்றைக்கு மாடி ஹாலுக்கு ஆள் குறைந்ததால் நானே காவலுக்குப் போனேன். உம்மா கீழே படிக்கட்டருகே நின்றிருந்தார். வினாத்தாளை வைத்தேன். நஸ்ரின் பேனாவைத் தொடவில்லை.

அரை மணி நெருங்கும்போது காற்று நின்றது. எங்கள் ஊரில் அது நிற்காது. மின்விசிறி ஓடுகிறது, ஆனால் ஒருவர் தாளும் அசையவில்லை. சாத்தியிருந்த கதவு மெதுவாகத் திறந்தது. வாசலில் ஒருவரும் இல்லை. எல்லோரும் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள், நஸ்ரின் மட்டும் குனியவில்லை. அவள் கண் கதவிலிருந்து கிளம்பி, ஒரு ஆள் நடந்து வருகிற வேகத்தில் மேசை மேசையாக நகர்ந்து, முன்னால் இருந்த நாற்காலியில் வந்து நின்றது. பிறகு யாரோ சொல்வதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தாள்.

அரை மணிக்கான மணி அடித்தது. நான் அந்த வினாத்தாளை எடுக்க வேண்டும், கை போகவில்லை. நஸ்ரின் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "எடுத்துக்குங்க மேடம். நானா எப்பவும் போயிட்டு வரேன்னுதான் சொல்லும். இன்னைக்கி போறேன்னு சொல்லுச்சு." சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தாள். கூடுதல் தாள் கேட்டாள், மறுபடியும் கேட்டாள். காற்று எப்போது திரும்பி வந்தது என்று நான் கவனிக்கவில்லை.

முடிந்து இறங்கியபோது உம்மா என்னை நோக்கி வந்தார். இல்லை என்று தலையாட்ட நான் தயாராக இருந்தேன், இந்த முறை அது என்னால் முடியுமா என்று பயமாகவும் இருந்தது. அவர் மாடியைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த விடைத்தாள் கட்டைத்தான் பார்த்தார்.

"எம் மவ எழுதுனாளா மேடம்?"

பேயைப் பற்றி யார் என்ன சொன்னாலும் இப்போதெல்லாம் எனக்கு ஒன்றும் ஆவதில்லை, நஸ்ரினின் புள்ளியியல் ரிசல்ட் இன்னும் வரவில்லையே என்று நினைத்தால்தான் ராத்திரி தூக்கம் வர மாட்டேன் என்கிறது.