சிலுவைக்கல்லில் காய்த்த திராட்சை

எழுபதுகளில் தொல்லியல் அலுவலகம் ஒன்றில் கல்வெட்டுகளுக்கு மைப்படி எடுக்கும், மாதாமாதம் ஆர்டர் போட்டால்தான் நீடிக்கும் தற்காலிக வேலையில் இருந்தேன். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மேலே மை ஒற்ற வேண்டும். செதுக்கிய பள்ளம் வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் தாளில் விழும்.

தனியாகப் போன முதல் கேம்ப் ஓடைப்பட்டிப் பக்கம், திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த மலையடிவாரப் பள்ளத்தாக்கில். ஒரு சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தில் சிலுவைக்கல் ஒன்று நின்றது. மலை தாண்டி வந்த பழங்காலப் பாரசீகக் கிறிஸ்தவ வணிகர்கள் நட்டதாக இருக்கலாம் என்பது எங்கள் ஆபீசரின் ஊகம். நடுவில் சிலுவை, அடியில் தாமரை, இருபுறமும் திராட்சைக் குலைகள். கோடுகளில் யாரோ வெள்ளை பெயிண்ட் ஏற்றியிருந்ததால் போட்டோ பளிச்சென்று வந்தது. மைப்படியில்தான் தகராறு. மூன்று தாள் எடுத்தேன். மூன்றிலும் சிலுவையும் தாமரையும் விழுந்தன, திராட்சை விழவில்லை. கல்லறைகளைக் கவனிக்கும் ஞானமுத்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து தந்தார்.

மதுரையில் ஆபீசர் போட்டோவைப் பார்த்துப் பூரித்தார். மைப்படியைப் பார்த்து எரிந்து விழுந்தார்.

"ஆறு குலை இருக்கு, ஒரு பழம்கூட விழலையே! தட்டுனியா, தடவிக் குடுத்தியா? இப்படி வேல பாத்தா அடுத்த மாசம் உனக்கு ஆர்டர் கிடையாது."

பாரசீகத் திராட்சை இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த வழியைப் பற்றி ஒரே வாரத்தில் பதினோரு பக்கம் எழுதிவிட்டார். பிறகு என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நேரிலேயே கிளம்பினார்.

கல்லின் முன் செருப்பைக் கழற்றினார். ஒரு குலையைத் தொட்டுக்கொண்டு ஞானமுத்துவிடம் பயபக்தியோடு கேட்டார்: "பெரியவரே, இந்தத் திராட்சை எந்தக் காலத்துது?"

"அதுங்களாய்யா? போன மாசம், ஒரு புதன்கெழம."

ஆபீசரின் கை கல்லிலேயே நின்றது.

"மதுரையில இருந்து ஆபீசுக்காரக வாராகன்னு சொன்னாக. சிலுவை மொட்டையா நிக்குதேன்னு கோட்டுக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சேன். மிச்சம் இருந்த பெயிண்ட்ல நம்ம ஊருப் பழத்தையும் போட்டு விட்டேன். நல்லாருக்குல்ல?"

நான் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரோரம் நின்ற பப்பாளி மரத்தைப் பார்த்தேன். முதலில் வெடித்துச் சிரித்தது ஆபீசர்தான். அங்கேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மதியம் முழுக்க மூவரும் மண்ணெண்ணெய்த் துணியால் பெயிண்டைத் துடைத்தோம். "பழம் இல்லாம என்னமோ மாதிரி இருக்குய்யா" என்று ஞானமுத்து முனகிக்கொண்டே இருந்தார். அடுத்த மாத ஆர்டர் எனக்கு வந்துவிட்டது.

என் தாள் மூன்று முறை உண்மையைச் சொன்னது, நான்தான் நம்பவில்லை. தண்ணீர் சுமந்து தந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கல்லிடம் போனாலும், தாளை நனைக்கும் முன் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுவிடுவேன்: "இதுல கடைசியா கை வச்சது யாரு?"