இரண்டாவதாக நடப்பவள்

ஆஸ்பத்திரியின் பழைய எக்ஸ்ரே இருட்டறையின் சாவி ஸ்டோர்கீப்பரிடம் இருந்தது. மதிய இடைவேளையில் அவள் போய்க் கேட்டபோது, அவர் அவள் கையிலிருந்த அட்டைப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம், சுரங்கத்துல வேலை கிடைச்சிருக்கா?"

"ஹெட் டார்ச். மலைக்குப் போறதுக்கு. இருட்டுல போட்டுப் பாக்கணும்."

"பட்டப்பகல்ல இருட்டைத் தேடி வர்ற ஆளை இப்பதான் பாக்கறேன்." சாவியை மேசைமேல் நகர்த்தினார். "உள்ள எலி இருந்தா எனக்கு மட்டும் சொல்லுங்க. இல்லைன்னுதான் வருஷா வருஷம் எழுதிக் குடுத்திட்டிருக்கேன்."

அவள் அந்த ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடங்களாக எக்ஸ்ரே எடுக்கிறாள். மூச்சை இழுங்க, அப்படியே நிறுத்துங்க, ம், விடலாம். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை, ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று இதையே சொல்வாள். யாருடைய முகமும் நினைவில் தங்காது. விலா எலும்புகள் தங்கும். கண்ணாடிக்குப் பின்னால் நிற்பது அவளுக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டாவது பெஞ்சு, வீட்டில் இரண்டாவது குழந்தை, மலையில் இரண்டாவது ஆள்.

மலையில் முதல் ஆள் அண்ணன். பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். பத்தொன்பது வருடங்களாக, மாதம் ஒருமுறை, ஐந்து பேர் சேர்ந்து காட்டுக்குள் போய்த் தங்கிவிட்டு வருவார்கள். சூரியன் எழுமுன் உச்சிக்குப் போய்விட வேண்டும் என்பது அண்ணனின் பிடிவாதம். அதனால் பாதி வழி இருட்டில்தான். முன்னால் அண்ணன் நெற்றி விளக்கோடு நடப்பார். பிறகு அவள். பிறகு அண்ணி, மருந்துக்கடைக்காரர், கடைசியில் தையல்காரர்.

முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. திரும்பினால் வெளிச்சம் பின்னால் வருகிறவர் கண்ணில் அடிக்கும். கண் கூசிப்போனால் பழைய நிலைக்கு வர நேரமாகும், அதற்குள் கால் இடறும். வேனில் பின்னால் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க அண்ணனுக்குக் கண்ணாடி இருந்தது, மலையில் குரல்தான் இருந்தது. இருபது முப்பது அடிக்கு ஒருமுறை, முகத்தைத் திருப்பாமலே கேட்பார்: "இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்பாள் அவள். "இருக்கேன்" என்பாள் அண்ணி. மருந்துக்கடைக்காரரும் சொல்வார். தையல்காரர் மட்டும், "இருக்கேன், பசியோட" என்பார். பத்தொன்பது வருடமும் அதே பதில், அதே சிரிப்பு. வழி எங்காவது பிரிந்தால் அண்ணன் நிற்பார். "இடதா, வலதா?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்பார். பதில் மூன்றாவது இடத்திலிருந்து வரும். "இடது. பாறை தாண்டி." அண்ணி அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒருமுறை கண்ணில் பட்டது அவளுக்கு மறக்காது.

எட்டு மாதங்களுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஷூ லேஸ் கட்டக் குனிந்த அண்ணன் நிமிரவில்லை.

அதற்குப் பிறகு யாரும் மலைப்பக்கம் போகவில்லை. போன வாரம் மருந்துக்கடைக்காரர் ஒரு படிவத்தோடு வந்தார். வன அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். முதல் வரியில் முன்னால் நடப்பவரின் பெயர். "நீதான் எழுதணும்மா. இப்பப் போகலைன்னா இனிமே நாம யாரும் போகமாட்டோம், பாத்துக்க" என்றார். அவள் தன் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்தாள், பேனாவால் எழுதக் கை வரவில்லை. அண்ணி வரமாட்டேன் என்றுவிட்டாள். முட்டி வலியாம். அந்த முட்டியை எக்ஸ்ரே எடுத்தவளே இவள்தான். முட்டியில் ஒன்றுமில்லை.

இன்று வியாழன். தன்னால் முன்னால் நடக்க முடியுமா என்று இன்றைக்குள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இருட்டறையில் ஃபிலிம் கழுவுவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது நீளமான மூன்று இரும்பு அலமாரிகள், அவற்றுக்கிடையே ஒரே ஒரு ஆள் நடக்கும் அகலத்தில் சந்துகள். பழுப்பு உறைகளில் பழைய ஃபிலிம்கள். உறை கிழிந்தவை மட்டும் கிளிப்பில் மாட்டிக் கம்பியில் தொங்கின. அவள் கதவைச் சாத்தி, விளக்கின் பட்டையைத் தலையில் இழுத்துவிட்டாள். புதுப் பட்டை நெற்றியை இறுக்கியது. அண்ணனுடைய பழைய விளக்குக்கு மூன்று பேட்டரி; அந்தப் பெட்டி பின்மண்டையில் நீலநிற டேப் சுற்றி உட்கார்ந்திருக்கும். அண்ணன் முகத்தைவிட அந்த நீலத்தைத்தான் அவள் அதிகம் பார்த்திருக்கிறாள். இதற்குப் பெட்டியே இல்லை, ஒரு கோழிமுட்டை கனம்தான். ஒருமுறை அழுத்தினால் அதிக வெளிச்சம், இரண்டுமுறை அழுத்தினால் மங்கல்.

அழுத்தினாள். தொங்கிக்கொண்டிருந்த ஃபிலிம்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன.

யாரோ ஒருவரின் முதுகெலும்பு, மேலே ஏறிப் போகும் ஒற்றையடிப் பாதைபோல. இருபுறமும் விலா எலும்புகள் வளைந்த கிளைகளாக. ஒரு தோள்பட்டை எலும்பு பெரிய இலைபோல மெல்ல ஆடியது. எப்போதோ இங்கே வந்து மூச்சை நிறுத்திவைத்த மனிதர்கள். இன்னும் விடாமல் நிறுத்தி வைத்திருப்பதுபோல் இருந்தது. விடலாம் என்று சொல்லத் தோன்றியது. இரண்டுமுறை அழுத்தினாள். வெளிச்சம் தணிந்ததும் அலமாரிகள் பின்னுக்குப் போய் அறை நீண்டுகொண்டே போனது. காலுக்கடியில் சிமெண்டுத் தரை மெத்தென்று ஆனதுபோல் ஒரு கணம்.

கதவு லேசாகத் திறந்தது.

"உள்ள யாரு, ஆளா ஆவியா?" அண்ணியின் குரல். அச்சகம் இரண்டு தெரு தள்ளித்தான். எட்டு மாதங்களாக வியாழக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள்.

"நான்தான் அண்ணி. கதவைச் சாத்திட்டு வாங்க."

அண்ணி டிபன் பையோடு உள்ளே வந்தாள். "என்னடி இது, கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம்? இதை மாட்டிக்கிட்டுப் போனா காடே எழுந்து உக்காந்துடும்."

"இது மங்கல்தான். என் பின்னாடி வாங்க. நடந்து பாக்கணும்."

"நான் வரலைன்னு சொல்லிட்டேனே."

"மலைக்கு இல்ல. அந்தச் சுவர் வரைக்கும்."

பை உரசும் சத்தம் பின்னால் வந்தது. அவள் நடந்தாள். முன்னால் யாருடைய முதுகும் இல்லை. பத்தொன்பது வருடங்களில் முதன்முறையாக இருட்டு நேராக அவள் முகத்தின்மேல் வந்து நின்றது. வெளிச்சம் ஆறடி போய்க் கரைந்தது. எலும்புகள் இருபுறமும் ஒதுங்கி வழிவிட்டன. எங்கோ ஈர மண்ணின் வாசனை வந்தது. பழைய கழுவுதொட்டியாக இருக்கலாம். இருபது அடி, முப்பது அடி. ஏதோ வர வேண்டிய நேரம் ஆகிவிட்டது, வரவில்லை. காது தானாகவே அதற்காகக் காத்திருந்தது.

"இருக்கேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. யாரும் கேட்கவில்லை.

அவள் நின்றுவிட்டாள். திரும்பவில்லை, திரும்பக் கூடாது. பின்னால் பை உரசுவதும் நின்றது. அங்கிருந்து அண்ணி மெதுவாகச் சொன்னாள்: "இருக்கேன்."

அதற்கப்புறம் இன்னும் இரண்டு குரல்களுக்கு வேண்டிய இடம் காலியாகவே கிடந்தது.

"என்னால முடியாது அண்ணி." அவள் சுவரைப் பார்த்துத்தான் பேசினாள். "கேக்க வேண்டிய இடத்துல பதில் சொல்றேன். மலையில போய் இப்படிச் சொன்னா..."

"அவரை மாதிரியே பேசறே, மூஞ்சியைக் காட்டாம." அண்ணியின் குரல் கரகரத்தது, ஆனால் அதில் சிரிப்பும் இருந்தது. "சரி, இங்கயே நின்னா சாப்பாடு ஆறிடும். கிளம்பு."

கிளம்ப வழியில்லை. சுவர் வந்துவிட்டது. ஒரே ஆள் அகலம். இருவரும் நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டியிருந்தது. திரும்பியபோது அண்ணி முன்னால் இருந்தாள்.

விளக்கு அண்ணியின் முதுகில் விழுந்தது. பின்னல் நரைத்திருந்தது. கழுத்தோரம் ஒரு மச்சம். மூன்றாவதாக வருகிறவளின் முதுகை இரண்டாவதாக நடப்பவள் எப்போது பார்த்திருப்பாள்?

"உன் விளக்குல என் நிழல்தான் எனக்கு முன்னால போகுது, வழியே தெரியல" என்றாள் அண்ணி. தலையைத் திருப்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள். "குடு அதை."

அவள் கழற்றிக் கொடுத்தாள். பட்டை அண்ணியின் ஹேர்பின்னில் சிக்கி, ஒருதரம் இழுபட்டு, பிறகு உட்கார்ந்தது. வெளிச்சம் முன்னே போயிற்று. அதன் பின்னால் மனித உருவம் ஒன்று, ஓரம் மட்டும் ஒளிர்ந்து. இந்தக் காட்சி அவளுக்கு நன்றாகத் தெரியும். மார்புக்குள் எங்கோ நிறுத்தி வைத்திருந்த மூச்சு தானாக வெளியேறியது.

அலமாரி முடியும் இடத்தில் சந்து இரண்டாகப் பிரிந்தது. அண்ணி நிற்கக்கூட இல்லை, வலதுபக்கம் போனாள். நாலடி நடந்த பிறகு, இருட்டைப் பார்த்து, அச்சுப்பிழையைச் சுட்டுவதுபோல் சாதாரணமாகக் கேட்டாள்:

"இருக்கியா?"

"இருக்கேன்."

"அந்தப் படிவம் எங்க வச்சிருக்கே?"

"கைப்பையில. பென்சில்ல எழுதியிருக்கேன்."

"நல்லதாப் போச்சு" என்றாள் அண்ணி. "அழிரப்பர் என்கிட்ட எப்பவும் இருக்கும்."