மாவு மில்லுக்கு வண்டி நிறுத்த இடம் கேட்டார்கள்

எழுதிப் பழக்கமில்லாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கோணும், வாக்கியம் பாதியில் நிற்கும். மறதியும் உண்டு. நடந்தது போன வருஷம்தான், ஆனாலும் எது முந்தி எது பிந்தி என்று சில இடத்தில் கலங்குகிறது. அப்போது பட்ட பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சங்கரன்கோவிலில் கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் எங்கள் மாவு மில். என் வீட்டுக்காரர் வைத்தது. அவர் காலத்துக்குப் பிறகு நானும் என் நாத்தனாரும் நடத்துகிறோம். ஆட்களிடம் பேசுவதெல்லாம் அவள்தான். நான் மிஷின் பக்கத்திலேயே நிற்பேன். அந்தச் சத்தத்தில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்க முடியாது, அது எனக்கு வசதி.

பழைய தகரக் கூரை ஒழுகுகிறது என்று இடித்துவிட்டு கான்கிரீட் போட்டோம். அடுத்த தடவை லைசென்ஸ் புதுப்பிக்கக் கொடுத்தபோது அதற்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். இது வியாபாரக் கட்டடம், இதற்குள் ஒரு காரும் சில இருசக்கர வாகனங்களும் நிற்க இடம் விட்டிருக்க வேண்டும், விடவில்லை, தக்க பதில் இல்லாவிட்டால் பூட்டி சீல் வைக்கப்படும். மற்றது புரியாவிட்டாலும் சீல் என்பது புரிந்தது. கடிதத்தை மடித்துச் சல்லடைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பேண்ட் போட்ட ஆள் வாசலில் வந்து நின்றாலே மோட்டாருக்குப் பின்னால் போய்விடுவேன்.

அஞ்சாம் நாள் சல்லடை எடுக்கப் போன நாத்தனார் கையில் அது கிடைத்தது.

"மதினி, இத இங்கன வச்சு என்ன பண்ணுதிய? அடைகாக்கியளா?"

அவள்தான் பிளான் போடுகிற இன்ஜினியரைக் கூட்டிவந்தாள். அவர் அளந்து பார்த்துவிட்டு, கார் நிற்க இடம் விட வேண்டுமானால் மிஷின் நிற்கிற இடத்தைத்தான் இடிக்க வேண்டும் என்றார்.

"மாவு திரிக்க எவன்யா கார்ல வாரான்?" என்றாள் நாத்தனார்.

அதையேதான் எழுதிக் கேட்கப்போகிறோம் என்று சொன்னார். அதற்கு விதிவிலக்கு மனு என்று பேராம். சந்து குறுகல், மில் வெகுநாளாக இதே இடத்தில் ஓடுகிறது, வருகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்துத் தெருப் பெண்கள், பாத்திரத்தை இடுப்பில் வைத்து நடந்தே வருகிறார்கள், இரண்டு பெண்களுக்கு இதுதான் பிழைப்பு என்று எழுதினார். நான் போட்ட கையெழுத்து கோட்டைத் தாண்டிப் போனது. புதன்கிழமை அதிகாரிகள் நேரில் பார்க்க வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தப்பை நான் அதற்குப் பிறகுதான் செய்தேன்.

மனுவில் எழுதியது பொய்யில்லை. ஆனால் மிளகாய் வற்றலும் மல்லியும் கரிவலத்திலிருந்தும் திருவேங்கடத்துப் பக்கமிருந்தும் மொபெட்டில்தான் வரும். மூட்டையோடு நாலு வண்டி வாசலில் நின்றால் சந்து அடைத்துப்போகும். அதிகாரி கண்ணில் அது பட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வராதீர்கள் என்று எப்படிச் சொல்ல? காரணம் சொன்னால் மில்லுக்கு சீல் வைக்கப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பரவும்.

அது ஆடி மாதம். அம்மனுக்கு மாவிளக்கு வைக்கிற மாதம். மாவிளக்கு அரிசி வருகிற நாளில் மிஷினைச் சுத்தமாகத் துடைத்துவிடுவோம். அது முடிகிறவரை மிளகாய் மிஷினை ஓட்டமாட்டோம், நெடி அந்த மாவில் ஒட்டக்கூடாது. எல்லாருக்கும் தெரிந்த வழக்கம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டேன். புதன்கிழமை மாவிளக்கு மாவு மட்டும்தான் என்று எல்லாரிடமும் சொல்லச் சொன்னேன்.

"புதன்கிழமையிலயா?" என்று நாத்தனார் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆமா என்றேன். அம்மன் பேரைச் சொல்லி அப்படி ஒரு பொய்யை அதற்கு முன் நான் சொன்னதில்லை.

அன்று காலையில் வாசல் கழுவிக் கோலம் போட்டேன். மிஷினைத் துடைத்து வைத்தேன். மொபெட் ஒன்றும் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. பத்து மணியாயிற்று, பதினொன்றாயிற்று. நடந்து வருகிறவர்களும் ஒருத்தர்கூட வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. மாவிளக்கு செவ்வாய், வெள்ளிக்கு. புதன்கிழமை அதற்கு யார் அரிசி கொண்டுவருவார்கள்? புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் அரைக்க வருகிறவர்கள், நடுவில் நம் அரிசியைக் கொண்டுபோகக் கூடாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இத்தனை வருஷம் மாவுக்குள்ளேயே நின்றவளுக்கு இது தோன்றவில்லை.

அதிகாரி ஒரு பெண். கூட டேப் பிடிக்க ஓர் ஆள். சந்தை அளந்தார்கள், வாசலை அளந்தார்கள். அந்தம்மா உள்ளே வந்து மிஷின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அது குளிர்ந்து கிடந்தது. தரையில் ஒரு துளி மாவில்லை.

"மில் ஓடுறதில்லையாம்மா?"

நான் மோட்டார் பக்கம் நகர்ந்தேன். "ஓடும் மேடம், இன்னைக்குத்தான்..." என்று தொடங்கிய நாத்தனார் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவர் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வாரம்போல இருக்கும், இன்ஜினியர் வேகுவேகென்று வந்தார். பார்வையிட்ட சமயம் மில் இயங்கவில்லை, வாடிக்கையாளர் எவருமில்லை என்று பைலில் ஏறிவிட்டதாம். நடக்கிற தொழிலுக்குத்தான் விதிவிலக்கு. நடக்காத தொழிலுக்கு லைசென்ஸே எதற்கு என்று கேட்கிறார்களாம். மனு என் பேரில் இருப்பதால் நானே தென்காசி ஆபீசுக்குப் போய் விளக்கம் சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் நாத்தனார் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். "பெல்ட்டு அறுந்துபோச்சுன்னு சொல்லுங்க மதினி. யாரு பாத்தா?" தென்காசி வருகிறவரை பெல்ட் அறுந்துபோச்சு, பெல்ட் அறுந்துபோச்சு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார்கள். அதே அம்மா. உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. அன்றைக்கு ஏன் மில் ஓடவில்லை என்று கேட்டார். பெல்ட் என்ற சொல் வாயில் வரவேயில்லை.

"நாந்தான் வரவேண்டாம்னு சொல்லிட்டேன்."

"யாரை?"

"வண்டிக்காரங்கள. நீங்க பாத்துருவியன்னு பயந்து."

பிறகு மாவிளக்குப் பொய்யையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. மிளகாய்க்கும் அரிசிக்கும் வேறுவேறு மிஷினா, எந்த நேரத்தில் எது ஓடும் என்று கேட்டார். மில்லைப் பற்றிக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் குரல் வந்தது. அரிசி காலையில், மிளகாய் மத்தியானத்துக்குமேல் என்றேன்.

"நான் திரும்ப வருவேன். எந்த நாள்னு சொல்லமாட்டேன். எப்பவும் போல ஓட்டுங்க."

வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டேன். பெல்ட்டைச் சொன்னேனா என்று நாத்தனார் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

எப்பவும் போல என்று சொல்லிவிட்டார். எப்பவும் எப்படி இருந்தோம் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. சந்து முனையில் ஆட்டோ சத்தம் கேட்டால் மிஷினை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன்.

அந்தம்மா வந்தது ஆடிக் கடைசி வெள்ளிக்கு முந்தின நாள். அதைவிட மோசமான நாள் கிடையாது. ஈர அரிசிப் பாத்திரத்தோடு பெண்கள் சந்து நெடுக நின்றார்கள். மாவிளக்கு மாவு முடியட்டும் என்று மூன்று மொபெட் மூட்டையோடு காத்துக் கிடந்தன, அதில் ஒன்று சரியாக வாசலை மறித்து. பால் வண்டிக்காரன் வழியில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். மாவுப் புகைக்குள்ளிருந்து பார்க்கிறேன், பெண்களுக்குப் பின்னால் அந்தம்மா நிற்கிறார்.

நாத்தனாரும் பார்த்துவிட்டாள். மொபெட்டைத் தள்ளப் பாய்ந்தவளின் முந்தானையை மாவுக் கையோடு பிடித்தேன்.

"விடு. நிக்கட்டும்."

வாசலை மறித்திருந்த கரிவலத்து அண்ணாச்சிக்கு யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. நாத்தனாரைப் பார்த்து, "என்ன தாயி, அன்னைக்கு புதன்கிழமை மாவிளக்குன்னு சொல்லி வெரட்டுன. இன்னைக்காவது கெழம தெரிஞ்சுதான் கடைய தெறந்தியா?" என்றார். பெண்கள் சிரித்தார்கள். அந்தம்மாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

பிறகு அந்தம்மா அண்ணாச்சியிடமே எங்கிருந்து வருகிறார், எவ்வளவு நேரம் வண்டி நிற்கும் என்று விசாரித்தார். பெண்களிடம் எந்தத் தெரு, எப்படி வந்தீர்கள் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டு எழுதினார். பக்கத்துக் காலிமனையை எட்டிப் பார்த்தார். அப்படியே போய்விட்டார். நான் அரிசி போட மறந்து நின்றிருக்கிறேன். வெறும் மிஷின் ஓடிக் கல் சூடேறின வாடை வந்தபிறகுதான் நினைவு வந்தது.

புரட்டாசியில் உத்தரவு வந்தது. காருக்கு இடம் விட வேண்டியதில்லை. மொபெட்டுகள் மட்டும் சந்தில் நிற்கக்கூடாது, பக்கத்துக் காலிமனையில் அந்த மனைக்காரர் எழுத்துச் சம்மதத்தோடு நிறுத்த வேண்டும். புகார் வந்தால் ரத்து. சில வருஷம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். மனைக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டார். மில் ஓடுகிறது. ஆனாலும் ஒரு சக்கரம் சந்தில் நின்றால் மிஷினை நாத்தனாரிடம் விட்டுவிட்டு நானே வெளியே போய், அண்ணாச்சி, வண்டிய மனைக்குள்ள விடுங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதைப் பார்த்து வேறு யாராவது மனு எழுதினாலும் எழுதுவார்கள். அதனால் ஒரு உதவி கேட்கிறேன். மனையில் ஆறு வண்டி என்று போட்டிருக்கிறதா எட்டா, மூன்று வருஷமா ஐந்தா, அது உத்தரவுத் தேதியிலிருந்தா கையில் கிடைத்த நாளிலிருந்தா, எனக்கு நிச்சயமில்லை. உத்தரவு நாத்தனார் பீரோவில் பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது. நன்றாகப் படிக்கத் தெரிந்த யாராவது அதை வாங்கி, நான் எழுதியதோடு வைத்துப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள். தப்பாக எதையாவது சொல்லிவிட்டு இன்னொரு தடவை அந்த அறையில் போய் நிற்க என்னால் முடியாது.