ஸ்ராஸ்பூர்க்கில் ஏன் இறங்கவேண்டும்?

பெரியம்மா ஐரோப்பாவுக்குப் போவதென்று முடிவான கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். அது கொழும்புக்குப் பாதை திறந்திருந்த சமாதான காலம். பெரியம்மாவின் மகன் பாரிசில் இருந்தார், மகள் சூரிச்சில் இருந்தாள். இருவரும் தாயைக் கூப்பிட்டிருந்தார்கள். முதலில் பாரிஸ், அங்கிருந்து கோச்சியில், அதாவது ரயிலில், சூரிச், பிறகு திரும்பவும் பாரிஸ். இடையிடையே கோச்சியில் போய்ப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவரக்கூடிய இடங்கள்.

அன்றைக்கே திரும்பவேண்டும் என்பது பெரியம்மாவின் கட்டளை. முன்பின் தெரியாத இடத்தில் படுத்தெழும்ப ஏலாது என்று சொல்லிவிட்டார். அதனால் லூர்து மாதாவைத் திட்டத்திலிருந்து வெட்டவேண்டியதாயிற்று. சூரிச்சுக்குப் பக்கத்திலிருந்த நீர்வீழ்ச்சியும் பனிமலையும் தப்பின.

திட்டம் போட்டவர் மாமி, என் அப்பாவின் தங்கை. நெடுந்தீவில் எங்கள் வீட்டிலேயே இருந்தார், பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தார், கலியாணம் செய்யவில்லை. பாரிஸ் அண்ணை அனுப்பிய ரயில்பாதைப் படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு கோப்பை வைத்து, பெரியம்மாவுக்கு விளங்கப்படுத்துவார். எங்கள் தீவில் கோச்சி ஏது? யாழ்ப்பாணத்திலேயே அப்போது தண்டவாளம் இல்லை. நான் கோச்சியைப் படத்தில் மட்டுந்தான் கண்டிருந்தேன். பெரியம்மா இளவயதில் கொழும்புக்குக் கோச்சியில் போனவர் என்றாலும், அதையெல்லாம் மறந்து, ஆள் வரும்வரை காத்துநிற்கும் எங்கள் தீவு லோஞ்சுப் படகின் கணக்கிலேயே யோசித்தார். கொஞ்சம் பிந்தினால் கோச்சி நிற்குமா என்று கேட்டார். நிற்காது என்று மாமி சொன்னார்.

“கோச்சி ஓட்டிற ஆக்களிலை எங்கடை பெடியள் ஒருதரும் இல்லையோ? சொல்லிவிட்டால் ஒரு பத்து நிமிசம் நிப்பாட்டாயினமே?”

மாமி சிரிக்காமல், “விசாரிச்சுப் பாப்பம், அக்கா” என்றார்.

சந்தேகத்தை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் அப்பா. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவி வந்தவர், மேசையருகே நின்று படத்தைக் குனிந்து பார்த்தார். பாரிசிலிருந்து புறப்பட்ட மாமியின் பென்சில் கோடு நேரே சூரிச்சுக்குப் போகாமல் கிழக்கே வளைந்து, ஸ்ராஸ்பூர்க் என்ற இடத்தில் நின்று, அதற்குப் பிறகுதான் தெற்கே இறங்கியது.

“நேரே போற கோச்சி இருக்கெண்டு சூரிச்சிலை இருக்கிற பிள்ளை சொன்னவளே. பிறகேன் இதிலை இறங்கிறது?”

“தொடர்ந்து இருந்தால் அக்காவுக்குக் கால் வீங்கும்.”

“இறங்கி ஏறினால் வீங்காதோ?”

“அங்கை பெரிய தேவாலயம் ஒண்டு இருக்கு, அண்ணை. பாக்கலாம்.”

“சைவக்காறிக்குத் தேவாலயத்திலை என்ன பார்வை?”

“லூர்துக்குப் போறனெண்டு அக்கா சொல்லேக்கை நீங்கள் இதைக் கேக்கேல்லை.”

அப்பா படத்தின் மேல் விரலை வைத்தார். ஸ்ராஸ்பூர்க்குக்கு அருகே ஓர் ஆறு ஓடியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நிறம், ஜேர்மனி. அங்கே ஓர் ஊரில் சின்னமாமா இருந்தார்.

சின்னமாமா, பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் கடைசித் தம்பி. தாய் தவறிய பிறகு பெரியம்மாதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். எங்கள் குடும்பத்தில் நடந்தது மாற்றுச் சம்பந்தம். அம்மாவை அப்பா கட்டுவது, சின்னமாமாவுக்கு மாமியைக் கொடுப்பது என்று ஒரே நாளில் பேசினார்கள். முதல் கலியாணம் நடந்தது. அடுத்ததற்கு முன்பே சின்னமாமா ஜேர்மனிக்குப் போனார்; அங்கே வேறு பெண்ணைக் கட்டினார். அன்றிலிருந்து அவரோடு போக்குவரத்து இல்லை. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குக் கண்டிப்பான பொருள் உண்டு. அந்த வீட்டுப் படி மிதிக்கக்கூடாது, அங்கே ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூடாது, நல்லது கெட்டதுக்குச் சொல்லியனுப்பவும் கூடாது. பெரியம்மாவும் தன் தங்கையான என் அம்மாவுக்காக அதற்குக் கட்டுப்பட்டார். சின்னமாமாவின் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை.

அன்றும் அப்பா சொல்லவில்லை. பெரியம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, “அந்தப் பக்கம் கால் வைக்கிற எண்ணமெண்டால், மச்சாள், விசா அலுவலுக்கு என்னைக் கொழும்புக்குக் கூப்பிடவேண்டாம்” என்றார்.

அப்பா கூட்டிப்போகாவிட்டால் பயணமே இல்லை. பெரியம்மா கொழும்பில் தனியாக ஒரு தெருவைக் கடக்கமாட்டார். அவர் எழுந்து அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனார். மாமி கோப்பைகளை எடுத்துவிட்டுப் படத்தைச் சுருட்டினார். ஆனால் கோட்டை அழிக்கவில்லை. இதை நான் மறுநாள் மாமி பள்ளிக்கூடம் போனபின் விரித்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

அப்போது என் சந்தேகமெல்லாம் மாமி மேல்தான். சின்னமாமாவால் ஏமாற்றப்பட்டவர் மாமி. அவருக்காகத்தான் இவ்வளவு பகையும். அப்படியிருக்க அவரே பெரியம்மாவை அந்த ஆற்றங்கரை வரைக்கும் கொண்டுபோய் விடுவது ஏன்? எனக்குப் பதினொரு வயது. பழிவாங்குவதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பாரிஸ் அண்ணையோடு பேச யாழ்ப்பாணத்திலிருந்த ரெலிபோன் கடைக்குப் போகவேண்டும். மாமியும் பெரியம்மாவும் புறப்பட்ட காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார். “நீயும் போ, பிள்ளை. காதைத் திறந்து வைச்சிரு.” இவ்வளவு பெரிய பொறுப்பை அதுவரை யாரும் எனக்குத் தந்ததில்லை. லோஞ்சில் நான் இருவருக்கும் நடுவே இருந்தேன். அவர்கள் மீன் விலையைப் பற்றிப் பேசினார்கள். எனக்காகத்தான் மீன் விலை பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

கடையில் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. அழைப்பு வந்ததும் பெரியம்மா உள்ளே போய் மகனிடம் சுகம் விசாரித்து, அழுது, குளிருக்கு என்ன கொண்டுவருவது என்று கேட்டு, ரிசீவரை மாமியிடம் கொடுத்தார். மூன்று பேருக்கு இடம் காணாததால் கதவைச் சாத்த முடியவில்லை. நான் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

“தம்பி, ஸ்ராஸ்பூர்க்கிலை அடுத்த கோச்சிக்கு எவ்வளவு நேரம் இருக்கு? ஒண்டரை மணித்தியாலமோ... சரி. அவரிட்டைக் கேட்டனீரோ? வேலையாலை வர ஏலுமாமோ?”

பெரியம்மா மாமியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தார்.

“வீட்டை வாறதெண்ட கதை வேண்டாம். தண்ணியும் வேண்டாம். ஸ்ரேசன் ஒருதற்றையும் வீடில்லைத்தானே? இருந்து கதைக்க ஒரு வாங்கு இருந்தாக் காணும்.”

பிறகு கொஞ்ச நேரம் மறுமுனையைக் கேட்டார். கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அவருக்கு இப்பவும் இறால் ஒத்துக்கொள்ளாதோ?” என்றார்.

பெரியம்மாவின் பெட்டிக்கென்று மாமி கருவாடும் இறால் சம்பலும் செய்யப்போவதாக முதல்நாள்தான் சொல்லியிருந்தார். ஒத்துக்கொள்ளாததை விசாரிப்பது எதற்கு? நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் எதையும் சந்தேகிக்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வரும் வழியில் மாமி எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். என் வாயை அடைப்பதற்குத்தான் என்று தெரிந்தும் சாப்பிட்டேன். பெரியம்மா லோஞ்சில் ஏறியதிலிருந்து ஒரே கேள்வியையே கேட்டுக்கொண்டு வந்தார்.

“அவன் தலை நரைச்சிருப்பானே? என்னாலை அடையாளம் மட்டுக்கட்ட ஏலுமோ, பிள்ளை?”

“அவர் உங்களை மட்டுக்கட்டுவார், அக்கா.”

மறுநாள் காலை அப்பா முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை நின்றது. “என்னவாம்?” என்றார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். ஸ்ரேசன், வாங்கு, வேலையால் வருவது, தண்ணீர்கூட வேண்டாமென்றது, எல்லாம். இறாலையும் சொன்னேன், அதை இரண்டு தரம் சொன்னேன். விசா அலுவல் இத்தோடு முடிந்தது, பெரியம்மாவின் பெட்டி திரும்ப அலுமாரிக்கு மேலே ஏறப்போகிறது என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா மிதிகட்டையை ஒருதரம் சுற்றிவிட்டார். சில்லு சுழன்று ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு நேரமெண்டு சொன்னவள்?”

“ஒண்டரை மணித்தியாலம்.”

“இவ்வளவு வருசத்துக்குப் பிறகு ஒண்டரை மணித்தியாலத்திலை என்னத்தைக் கதைக்கிறது?” என்றார். பிறகு எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் தேடியபடி, “மாமியை அதுக்கு அடுத்த கோச்சியைப் பாக்கச் சொல்லு. நான் சொன்னதெண்டு சொல்லாதை” என்றார்.

அப்பாவுமா? எனக்கு யாரை நம்புவதென்று தெரியவில்லை. உள்ளே போனேன். மாமி மேசையில் பள்ளிக்கூடக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். அடுத்த கோச்சியைப் பார்க்கட்டாம் என்றேன்.

மாமியின் பேனை நின்றது. “ஆர் சொன்னது?”

“ஒருதரும் சொல்லேல்லை.”

அவர் ஜன்னலால் முற்றத்தைப் பார்த்தார். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே எண்ணெய் விட்ட சங்கிலிக்குத் திரும்பவும் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மாமி சிரிப்பதுபோல இருந்தது. பிறகு முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று கிணற்றடிக்குப் போனார்.

நான் பின்வாசலில் நின்று கேட்டேன். வெகுநேரமாகியும் வாளி விழும் சத்தம் வரவில்லை. தண்ணீர் அள்ளாமல் எப்படி முகம் கழுவுகிறார் என்று, அன்றைய என் கடைசிச் சந்தேகத்தோடு, அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.